பத்துப் புளியங்கொட்டை

நாலு. அஞ்சு. ஆறு. நல்லாத்தான் வீசறா இந்த அபிநிஷா, இல்லைன்னு சொன்னா என் நாக்குல புண்ணு வரும். ஏழு. கட்டை அவ கையை விட்டுக் கிளம்பறதும் தெரியல, என் வீட்டுக்காரர் கையில வந்து உட்கார்றதும் தெரியல, நடுவுல ஒரே ஒரு சுத்து. கட்டைன்னா இப்ப மரம் இல்லை, பிளாஸ்டிக்குதான், கழுத்து ஒல்லியா வயிறு பருத்து இருக்கும். மொத மொதல்ல மரத்துல கடைஞ்சு வாங்கித்தான் நாங்க ஜக்ளிங் பழகினோம், அந்தப் பேரே நின்னுபோச்சு. ஆளுக்கு மூணு. பத்தடி தள்ளி எதிரும் புதிருமா நின்னுக்கிட்டு, தனக்கு ஒண்ணு எதிராளிக்கு ஒண்ணுன்னு கை ஓயாம வீசணும். ரெண்டு பேரும் வீசி ரெண்டு பேரும் பிடிச்சா அது ஒரு வீச்சு. ஒரு கட்டை தரையில விழற வரைக்கும் எத்தனை வீச்சுங்கறதுதான் போட்டி. மூணு ஜோடி சேர்ந்து ஒரு டீம், மூணு ஜோடி எண்ணிக்கையையும் கூட்டி எது பெரிசோ அந்த டீமுக்குக் கோப்பை. பதினெட்டு. பத்தொம்பது. எண்ணறதுக்கு மிஷின் வெச்சா அந்த டிக் டிக் சத்தம் வீசறவங்க தாளத்தைக் கெடுக்குதுன்னு சபாபதி சார், அவர்தான் எங்களுக்குக் கோச், எப்பவோ தூக்கிப் போட்டுட்டார். போனும் உள்ளே வரக் கூடாது, வெளிச்சம் கண்ணுல அடிக்குதாம். அதனால எங்க கணக்கு வாய்க்கணக்குதான். மனசுக்குள்ள நூறு எண்ணி முடிச்சதும் இடது டம்ளர்ல இருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வலது டம்ளர்ல போடணும், மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும். வலது டம்ளர்ல இப்ப மூணு கொட்டை. முப்பத்திரண்டு. முப்பத்திமூணு. பெட்ஷீட் கம்பெனியில பதினோரு வருஷமா பீஸ் எண்ணறவ நான். பேசிக்கிட்டே எண்ணுவேன், சூப்பர்வைசர்கிட்ட சண்டை போட்டுக்கிட்டே எண்ணுவேன், ஒரு நாளும் ஒரு பீஸ் முன்னப்பின்ன ஆனதில்லை. காலையில சார், "கோகிலா, இன்னைக்கு நீங்க எண்ண வேண்டாமுங்க, வேற யாராச்சும் உட்காரட்டும்"னு இழுத்தார். "ஏனுங் சார், என் எண்ணிக்கை மேல சந்தேகமுங்களா?"ன்னு கேட்டேன். மனுசன் டம்ளர் ரெண்டையும் என் கையிலயே குடுத்துட்டார். நானாக் கேட்டு வாங்கி மொத வரிசையில உட்கார்ந்திருக்கேன், வேணும் எனக்கு.

நாப்பத்தெட்டு. ஆடி மாசங்கறதால ஈரோட்டுல ஒரு மண்டபத்துலயும் கல்யாணம் கிடையாது, அதனாலதான் இந்த மண்டபம் எங்களுக்குச் சும்மா கிடைச்சுது. விட்டம் நல்ல உசரம், எவ்வளவு மேலே வீசினாலும் ஃபேன்ல படாது. சமையல்கட்டுல இருந்து இன்னமும் ரசப்பொடி வாசம் வருது. மேடையில போன முகூர்த்தத்துல ஒட்டின எழுத்து பாதி உதிர்ந்து தொங்குது. ஆடியில புதுசாக் கல்யாணம் ஆனவங்களைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாங்க, சரி, அதுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க. ஒம்பது வருஷம் குடும்பம் நடத்தினவளை உட்கார வெச்சு, உன் புருஷன் இன்னொருத்தி மூஞ்சியை எத்தனை நேரம் பார்க்கறான்னு எண்ணுடின்னு எந்த ஊர்ல சொல்லுவாங்க? அம்பத்தஞ்சு. அம்பத்தாறு. ஏன்னா வீசறப்போ கட்டையைப் பார்க்கக் கூடாது. கட்டையைப் பார்த்தா போச்சு. எதிராளியோட நெத்தியைத்தான் பார்க்கணும், கை தானா வேலை செய்யணும். நெத்திதானே, கண்ணு இல்லையேன்னு மொத வாரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நெத்திக்கும் கண்ணுக்கும் எத்தனை தூரம்? ரெண்டு விரக்கடை. எனக்குத் தெரியாதா? இவர் என்னோட வீசினப்போ எங்கே பார்த்தார்னு எனக்குத் தெரியாதா? பொண்ணு பார்க்க வந்த அன்னைக்குக்கூட மோகனசுந்தரம்ங்கற இந்த மனுசன் என்னைப் பார்க்கல, தட்டுல இருந்த காராச்சேவைத்தான் பார்த்தார். கல்யாணத்துக்கு அப்புறம் டிவி, அப்புறம் போன். புதுத் தோடு போட்டு எட்டு நாள் கழிச்சு, "இது எப்ப வாங்கினது?"ங்கறார். ஊரடங்குல வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தப்போ, தண்ணி பாட்டில் மூணை வெச்சு என்னமோ தூக்கிப் போட்டுப் பிடிச்சுக்கிட்டு இருந்தவர், "எதிர்ல வந்து நில்லு புள்ள"ன்னு கூப்பிட்டார். நின்னேன். அன்னைக்குத்தான் என் மூஞ்சியை முழுசாப் பார்த்தார். எழுபத்தொண்ணு. எழுபத்திரண்டு. போன மாசியில நாங்க ரெண்டு பேரும் ஆயிரத்து நூத்தி நாப்பது வீச்சு வீசினோம். இருபது நிமிஷம் இருக்கும். இவர் மூக்கு நுனியில ஒரு வேர்வைத் துளி திரண்டு, விழவும் மாட்டாம நிக்கவும் மாட்டாம ஆடிக்கிட்டே இருந்தது, அதைத் துடைச்சு விடணும்னு கை பரபரன்னது, கையில கட்டை. அந்த இருபது நிமிஷம் மாதிரி இந்த ஒம்பது வருஷத்துல வேற எதுவும் எனக்கு இல்லை. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா அதுதான் நிசம்.

தொண்ணூத்தொம்பது, நூறு. கொட்டை. நாலாச்சு. சித்திரையில பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டேன். இவர் வீசறதை வாங்கற கை அதுதான். மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த ராத்திரி இவர் சோறு பிசைஞ்சு ஊட்டினார், இல்லைங்கல, நல்லாத்தான் பார்த்துக்கிட்டார். மூணாம் நாளே, "டீம்ல ஒரு எடம் சும்மா கிடக்குதில்ல, சார் ஒரு புது புள்ளையை எங்கூட விடறேன்னார், சும்மா பழகறதுக்குத்தான்"னார். சும்மாவாம். ஒம்பது. பத்து. அந்தச் சும்மா மூணு மாசமா நடக்குது, நான் இன்னைக்குத்தான் நேர்ல வந்து பார்க்கறேன். பெரிய கடையில பில் போடற வேலை அவளுக்கு, இருவத்திமூணு வயசு, மூக்குத்தி. மொத நாள் வீட்டுக்கு வந்து எனக்கு ஆப்பிள் குடுத்துட்டு, "சீக்கிரம் வந்துருங்க்கா, அண்ணா வீசற வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்குது"ன்னா. அண்ணாவாம். அண்ணான்னு கூப்பிட்டுட்டா எல்லாம் சரியாப் போச்சு பாரு. மரியாதையான புள்ளைதான், ஒரு குத்தம் சொல்ல முடியல, அதுதான் இன்னும் எரியுது. கொஞ்சம் திமிரா இருந்தா திட்டிட்டாவது மனசு ஆறும். இருவத்தெட்டு. கட்டு அவிழ்த்து மூணு வாரம் ஆச்சு, டாக்டரும் வீசலாம்னுட்டார். நான் வரட்டுமான்னு கேட்டா இவர், "அவசரப்படாத புள்ள, நல்லா ஆறட்டும்"ங்கறார். என் கை மேல அக்கறையா, இல்லை அங்கே நிக்கறது மாறக் கூடாதுன்னு அக்கறையா? கேட்க வாய் வரல. கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? அடுத்த மாசம் சேலத்துல மாநிலப் போட்டி. சாயங்காலத்துக்குள்ள சார் பேர் அனுப்பியாகணும். எங்க கிளப்புல சட்டம் ஒண்ணே ஒண்ணுதான், ஒரு எடத்துக்கு ரெண்டு ஜோடி இருந்தா அதிக வீச்சு வெச்சிருக்கற ஜோடிதான் போகும். இவங்க ரெண்டு பேரும் இன்னைக்கு ஆயிரத்து நூத்தி நாப்பதைத் தாண்டினா அவ போவா, நான் வாட்டர் பாட்டில் தூக்குவேன். தாண்டலைன்னா நான். நாப்பத்தினாலு. நாப்பத்தஞ்சு. விழு. அய்யோ, வாயை வெக்காதடி. விழட்டும். ஒரு வீச்சு கொஞ்சம் தள்ளிப் போச்சு, அவ ஒரு எட்டு பின்னால வெச்சு வாங்கிட்டா. பாவி, எப்படி வாங்கினா! எனக்கு அது வராது, நான் விட்டிருப்பேன்.

கொட்டை. அஞ்சு. மறுபடி கொட்டை, ஆறு. இப்ப வேகம் பிடிச்சாச்சு, மண்டபமே அந்தத் தப் தப்புங்கற சத்தத்துல நிக்குது. மத்த ரெண்டு ஜோடியும் சுவரோரமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. எனக்கு நாக்கு வறண்டு போச்சு. தண்ணி குடிக்கலாம்னா டம்ளர் ரெண்டுலயும் கொட்டை. பதிமூணு, பதினாலு. ஒண்ணு நினைச்சுப் பார்க்கறேன், நினைக்கவே வேண்டாம்னு இருந்தது இது. என்னை இவர் பார்த்தாரே, அது என்னையா பார்த்தார்? இல்லை அந்த எடத்துல யார் நின்னாலும் அப்படித்தான் பார்ப்பாரா? சட்டப்படி நெத்தியைப் பார்க்கணும், பார்த்தார். இப்பவும் சட்டப்படி நெத்தியைப் பார்க்கறார். அப்ப நான் இருபது நிமிஷம் பெரிசா ஒண்ணு கிடைச்சுதுன்னு முடிஞ்சு வெச்சிருந்தது வெறும் சட்டமா? முப்பத்தெட்டு. இல்லை, இல்லை, ஒரு வித்தியாசம் இருந்தது. என்னோட வீசறப்போ இவர் உதடு அசையும். சத்தம் வராது, ஆனா ஒவ்வொரு வீச்சுக்கும் எண்ணுவார், ஒண்ணு விடாம. விழுந்ததும் நான் கேட்கறதுக்கு முன்னால சொல்லிருவார், "எழுநூத்திப் பன்னெண்டு, போன தடவையை விட நாப்பது கூட"ன்னு. எனக்கு அது பிடிக்கும். என்கூட இருக்கற ஒவ்வொண்ணையும் எண்ணி வெச்சுக்கறார்னு நினைச்சுக்குவேன். இப்பவும் எண்ணறார்தானே? தலையைச் சாய்ச்சுப் பார்க்கறேன். உதடு அசையல. நல்லாப் பார்க்கறேன். அசையவே இல்லை. வாய் லேசாத் திறந்து இருக்கு, ஓரத்துல ஒரு சிரிப்பு, தூங்கற பிள்ளை சிரிக்குமே அந்த மாதிரி. எண்ணலை. எத்தனை ஆச்சுன்னு இவருக்குக் கவலையே இல்லை. அப்ப என்னோட எண்ணினாரே, அது என்ன? எப்படா முடியும்னு எண்ணினதா? பஸ்ஸுல போறவன் எத்தனை ஸ்டாப் இருக்குன்னு எண்ணுவானே, அப்படியா எண்ணினார் என்னை? கடவுளே. நான் அதை ஆசைன்னு நினைச்சேனே. ஆசைங்கறது எண்ண மறந்து போறதா? ஒம்பது வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது என்கிட்ட எண்ண மறந்து நின்னிருக்காரா இந்த மனுசன்? யோசிச்சுப் பார்க்கறேன். யோசிச்சுப் பார்க்கறேன், ஒண்ணும் வர மாட்டேங்குது. அவ மூக்குத்தி மின்னுது. இவர் சிரிப்பு அப்படியே இருக்கு. நாப்பத்தொண்ணு. நாப்பத்திரண்டு.

எந்த நாப்பத்திரண்டு? வாய் எண்ணிக்கிட்டேதான் இருந்திருக்கு, பதினோரு வருஷப் பழக்கம், அது தப்பாது. ஆனா கொட்டை? வலது டம்ளரைக் குனிஞ்சு பார்க்கறேன், நாப்பத்தஞ்சு, ஒம்பது கொட்டை இருக்கு. ஏழு போட்டது ஞாபகம் இருக்கு. எட்டு போட்டதும் இருக்கு, அப்போ அவ ஒரு கட்டையை விரல் நுனியில வாங்கினா. ஒம்பது போட்டதும், ஆமா, டம்ளர்ல விழாம விளிம்புல பட்டுச்சு. அதுக்கப்புறம்? ஒம்பதாவது போட்டு நாப்பத்தஞ்சுதான் ஆச்சா, இல்லை நடுவுல முழுசா ஒரு நூறு போயிருச்சா? இவர் உதட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேனே, அது எத்தனை நேரம்? ஒரு நிமிஷமா, ரெண்டு நிமிஷமா? நூறுன்னு வாய் சொல்லி, கை சும்மா இருந்துட்டுதா? நாப்பத்தொம்பது. அம்பது. என் கை சும்மா இருக்காது. ஆனா இருந்திருந்தா? இப்ப தொள்ளாயிரத்து அம்பதா, ஆயிரத்து அம்பதா? இவர் எண்ணியிருந்தா உதட்டைப் பார்த்தே தெரிஞ்சுக்குவேன். எண்ணாம சிரிச்சுக்கிட்டு நிக்கறாரே. கையைத் தூக்கிச் சார்கிட்ட சொல்லிரலாம், தப்பிருச்சுங் சார்னு. எண்ணறவங்களுக்குத் தப்பினா மறுபடி மொதல்ல இருந்து வீசணும், அதுதான் முறை. மறுபடி ஒரு இருபது நிமிஷம் இவர் அந்தச் சிரிப்போட நிக்கணும், நான் பார்க்கணும். செத்தாலும் முடியாது. அறுபத்தெட்டு. விழுந்துரு தாயே, நூறுக்கு முன்னால விழுந்துரு, அப்ப எந்தக் கணக்குப்படியும் தாண்டியிருக்காது. விழல. தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பது, நூறு. கொட்டையை எடுத்துப் போடறேன். பத்து. டம்ளர் கணக்குக்கு ஆயிரம். ஒண்ணு விட்டுப் போயிருந்தா ஆயிரத்து நூறு. இருவது. முப்பது. விட்டுப் போயிருந்தா இந்தா, இப்ப நாப்பது, நாப்பத்தொண்ணு, இந்த நொடியில எங்க ஆயிரத்து நூத்தி நாப்பது உடைஞ்சு போச்சு. இல்லை, உடையல. உடைஞ்சுது. அம்பது. அறுபது. அறுபத்தாறு. அறுபத்தேழு.

தொம்முனு ஒரு சத்தம். கட்டை தரையில உருண்டு மேடைப் படியில போய் இடிச்சு நிக்குது. அவ கையில இருந்துதான் நழுவிச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சு விடறாங்க. அபிநிஷா ரெண்டு முட்டியிலயும் கையை ஊனிக்கிட்டுக் குனிஞ்சு நிக்கறா, முதுகு நனைஞ்சு போயிருக்கு. "எத்தனைங்க?"ன்னு சார் என்னைப் பார்க்கறார். இவர் என்னைப் பார்க்கல, துண்டைத் தேடறார். வலது டம்ளர்ல பத்து கொட்டை, யார் வேணாலும் வந்து எண்ணிப் பார்க்கலாம், பத்துதான் இருக்கும். பத்து கொட்டையும் அறுபத்தேழும். நான் பொய் சொல்லப் போறதில்லை, டம்ளர்ல இருக்கறதைத்தான் சொல்லப் போறேன். அந்த இன்னொரு நூறு நடந்திருக்கலாம், நடக்காமயும் இருந்திருக்கலாம், எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்ல முடியும்? தெரியலன்னு சொல்லலாம். ஒரு சொல்லுதான். வலது டம்ளரைச் சாருக்குத் தெரியற மாதிரி தூக்கிப் பிடிக்கறேன். "ஆயிரத்து அறுபத்தேழுங் சார்." என் குரல் தெளிவாத்தான் வருது. சுவரோரமா யாரோ ச்சூங்கறாங்க. சார் தாடையைச் சொறியறார். "நெறைய நேரம் போன மாதிரி இருந்துச்சு. நான் தாண்டிட்டாங்கன்னே நினைச்சேன். மோகன், நீங்க எண்ணுனீங்களா?"ன்னார். இவர் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே சிரிக்கறார். "நான் எங்கீங் சார் எண்ணறது. மூணு மாசம் எண்ணிப் பார்த்து வெறும் வாய் வலிதான் மிச்சம், எண்ணினா எனக்கும் தாளம் தப்புது, இந்தப் புள்ளைக்கும் தப்புது. அதான் இன்னைக்குச் சும்மா வீசினேன். அதுக்கென்னங் சார், கோகிலா எண்ணினா எண்ணினதுதான்." தண்ணியைக் கடகடன்னு குடிக்கறார். "அவ வாயில இருந்து வந்தா அதுக்கு மேல பேச்சே கிடையாதுங்."

அவ்வளவுதானா? எண்ணினா தாளம் தப்புது, அதனால எண்ணலை, அவ்வளவுதானா? மூணு மாசமா எண்ணிக்கிட்டுத்தான் இருந்தாரா அவகிட்டயும்? நான் எதை வெச்சு என்ன முடிவு பண்ணி, என்ன பண்ணிட்டு உட்கார்ந்திருக்கேன்? இப்பவும் சொல்லலாம். சார், ஒரு நூறு எனக்குச் சந்தேகமா இருக்குதுங்னு சொன்னா யாரும் கடிச்சுத் தின்ன மாட்டாங்க. ஆனா இவர் அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் எப்படிச் சொல்றது? அபிநிஷா என் பக்கத்துல வந்து நிக்கறா. அழுவாளோன்னு பார்த்தா கண்ணு பளபளங்குது. "அக்கா, ஆயிரம் தாண்டிருச்சுங்களா! எண்ணூறு வரும்னுதான் நினைச்சேன்." என் நல்ல கையைப் பிடிச்சுக் குலுக்கறா, அவ கை சூடா இருக்கு. சார் பேப்பரை எடுத்து எழுதறார், மோகனசுந்தரம், கோகிலவாணி. என் பேரை எழுதறப்போ நான் ஜன்னலைப் பார்க்கறேன். "வா புள்ள, கை எப்படி இருக்குன்னு நாலு வீசிப் பார்ப்போம். மூணு மாசமா இந்தக் கை எப்ப ஆறும்னு நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன்"னு இவர் கட்டையை நீட்டறார். எழுந்து போய் நிக்கறேன். அவ நின்ன எடம், வேர்வை சொட்டின தரை இன்னும் காயல. என் நாற்காலியில அவ உட்கார்ந்து டம்ளரை மடியில எடுத்து வெச்சுக்கறா. இவர் என் நெத்தியைப் பார்க்கறார். நெத்தி இல்லை, கண்ணைப் பார்க்கறார், நேரா, நான் ஆசைப்பட்ட மாதிரியே. என்னால அந்தப் பக்கம் பார்க்க முடியல, கட்டையைப் பார்க்கறேன். வீசறோம். பிடிக்கறோம். மறுபடி. மறுபடி. மணிக்கட்டு வலிக்கல, ஒண்ணும் இல்லை அதுல, ஆனா கட்டை விரலுக்குள்ள நிக்காம வழுக்கித் தரையில விழுது. "மூணுதானா! பரவால்லைங்க, பழகிரும்"னு சார் சிரிக்கறார். "இல்லீங் சார், நாலுங்"ங்கறா அபிநிஷா. சொல்லிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டா. "நாலாவதை அக்கா பிடிச்சாச்சுங், பிடிச்சதுக்கு அப்புறந்தான் நழுவிச்சு. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நாலுன்னு சொல்லுங்க்கா, நீங்களே சொல்லுங்க." நான் கட்டையை எடுக்கக் குனியறேன். கட்டை கைக்கு வந்துருச்சு. இன்னும் நிமிரல.